பிரிக்காத பொட்டலம்

அப்பா இறந்த பிறகு அம்மா தானாகப் பேசுவதையே விட்டுவிட்டாள். சிவகாசியில் சித்தா டாக்டர் பார்த்துவிட்டு, "வயசான காலத்துல வர்ற மனச்சோர்வுதான்" என்று அமுக்கரா சூரணம் கொடுத்தார். தினமும் சாயங்காலம் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வேலைக்கு ஓடினேன். தீபாவளி சீசன்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் பொட்டலம் பிரிக்கவே இல்லை. பட்டாசுக் கம்பெனியில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த அலுப்பு எனக்கு. "செத்துப்போகணும்னே இருக்கியாம்மா?" என்று கத்திவிட்டேன்.

"முப்பது வருசம் கம்பெனில வெடிமருந்துப் பொடியத் தொட்ட கைய வாயில வைக்காம இருந்து பழகிட்டேன். பொடியப் பாத்தா கை வாய்ப்பக்கம் போக மாட்டேங்குதுலே" என்றாள்.

எனக்கும் அதே பழக்கம்தான். ஆனாலும் எனக்கு அது தோன்றவில்லை. சூரணத்தை நானே குழைத்து விரலில் எடுத்து நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து விரலை முகர்ந்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவினியாலே?"

எத்தனையோ மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

சூரணம் வேலை செய்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்ததும் கை கழுவாமலேயே அம்மா முன்னால் போய் உட்காருகிறேன். அவள் கேட்ட பிறகுதான் எழுந்து குழாயடிக்குப் போகிறேன்.