சட்டையைத் தூக்கிக் காட்டிய யூசுப் பாய்

கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது யூசுப் பாயின் மகன் போன் செய்தார். "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா. நெஞ்சுவலி." கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தும் வண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

பரங்கிப்பேட்டையில் பாயின் செல்போன் கடைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் அவருடைய சிரிப்பு தெரியும். அவருடைய வயிற்றைப் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்தவன்.

ஒரு மழைநாளில், நிறைந்த பஸ்ஸைப் பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். முன்சீட்டில் இருந்த பாய் மட்டும் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "எத்தினி மாசமா ரத்தம் போவுது மச்சான்?" என் மனைவி செல்வியிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது. எரிச்சலாக வந்தது. சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கியபின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக நீளத் தழும்பு. "குடல் பூரா புண்ணு. பெருங்குடலையே எடுத்துட்டாங்க. இப்ப பிரியாணி துன்றேன்."

எனக்கும் அதே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தான். எந்த மருந்துக்கும் நிற்காமல் போய், குடலை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ரோபோ வைத்துச் செய்தால் சின்னச் சின்னத் துளைகள் போதும் என்று டாக்டர் சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டேன். வயிற்றைக் கிழித்தவனை எந்த முதலாளி ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார்? எனக்கு வேறு தொழில் தெரியாது.

பாய் தலையாட்டினார். "ரோபோ நல்லதுதான், வலி கம்மி, சீக்கிரம் எழுந்திரிக்கலாம். ஆனா உள்ள எடுக்கப்போறது ஒண்ணுதான், கதவுதான் சின்னது. பெரிய கதவத் தொறக்காதன்னு டாக்டர் கையக் கட்டிடாத." தேவைப்பட்டால் திறக்கலாம் என்று டாக்டரிடம் சம்மதித்துவிட்டு, ரகசியமாகச் செல்வியிடம் என் தலைமேல் சத்தியம் வாங்கினேன்: என்ன ஆனாலும் கிழிக்க விடாதே.

அடுத்து நடந்தது செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆப்பரேசன் பாதியில் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தாராம். குடல் வீங்கிப்போய் தொட்ட இடமெல்லாம் பிய்கிறது, ரோபோவை நகர்த்திவிட்டுத் திறக்கப்போகிறோம் என்றாராம். இவள் கதவை மறித்து நின்றுவிட்டாள். "வேணாங்க, அவரு தலைமேல சத்தியம் பண்ணிட்டேன்." டாக்டர் அதட்டியும் நகரவில்லை. துணைக்கு வந்திருந்த பாய் அத்தனை பேர் நடுவில் சட்டையைத் தூக்கினார். "இதப் பாரு தங்கச்சி! கிழிச்சவன் செத்தாப் போயிட்டேன்? சத்தியத்த எம்மேல போடு. வழி விடு!" அவள் நகர்ந்தாள்.

கண் விழித்து வயிற்றைத் தடவினேன். நீளமான கட்டு. வாய்விட்டு அழுதேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுவு மச்சான். அழ உசுரு இருக்கே." சில மாதம் மலம் போக வயிற்றோரம் பை மாட்டியிருந்தேன். பிறகு அதுவும் கழன்றது. நினைத்ததைவிடத் தாமதமாகத்தான், ஆனாலும் ஸ்டியரிங்குக்குத் திரும்பினேன்.

பாய்க்கு மூன்றாம் நாள் பாத்திஹா ஓதியபோது என்னைத் தேடியிருப்பீர்கள். அன்று விடிந்ததும், அண்ணாகிராமத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெண் போன் செய்தார். பாய் முன்பு கொடுத்துவைத்திருந்த நம்பருக்கு அடித்தவருக்கு அவர் மகன் என் நம்பரைக் கொடுத்திருந்தார். "இன்னைக்கு ஆப்பரேசன்ணே. ரோபோல முடியாதாம், கிழிக்கணுமாம். எங்க வீட்டுக்காரரு வேணாம், வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறாரு."

பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பியவன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேச்சுக்குப் பாய் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, காக்கிச் சட்டையைத் தூக்கினேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.