ஏழு மணிக்கு ஒரு தப்பான நம்பர்

என் மனைவிக்கு அவளுடைய அறக்கட்டளை அலுவலகத்தில் 'அரை மார்க் அக்கா' என்று பெயர். நிதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், அதுவும் முழு எண்ணாகப் போட வேண்டும் என்பது அங்கே விதி. இவள் இரண்டரை போடுவாள், மூன்றரை போடுவாள். கேட்டால், "மூணு போட மனசு வரல, நாலு போட கை வரல, நான் என்ன பண்றது?" என்பாள்.

வீட்டில் ஒருவர் குடியிலோ போதை மாத்திரையிலோ விழுந்துவிட்டால் மற்றவர்கள் பாடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மனைவி, அம்மா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இவர்களுக்குத் துணையாக நிற்கிற அமைப்புகளுக்கு அந்த அறக்கட்டளை வருஷம் ஒருமுறை நிதி கொடுக்கும். யாருக்குக் கொடுக்கலாம் என்று விண்ணப்பங்களைப் படித்து, நேரில் போய்ப் பார்த்து, மார்க் போட்டுக் குழுவின் முன்னால் வைப்பது இவள் வேலை.

விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் எங்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமிருக்காது. அமைப்பின் பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பேன்.

"'பயனாளிகளின் முழுமையான நல்வாழ்வை மேம்படுத்தும் ஒருங்கிணைந்த அணுகுமுறை.' ஏங்க, இதுல ஒரு ஆளாவது கண்ணுக்குத் தெரியுறாங்களா?"

"எனக்குத் தெரியல."

"எனக்கும்தான். கண்ணாடியைத் துடைச்சுக்கூடப் பாத்துட்டேன்."

படித்து முடித்ததும் அவளுடைய முக்கியமான சோதனை தொடங்கும். விண்ணப்பத்தில் உதவி எண் என்று ஒன்று இருக்கும். மாலை ஏழு மணிக்கு அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அந்த எண்ணுக்குப் போன் போடுவாள். குடிக்கிற ஆள் இன்னும் வீடு வந்து சேராத நேரம் அது. வீட்டில் இருப்பவர்கள் வாசல் கதவுச் சத்தத்துக்கே காத்துக்கொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் எடுக்காத போன் எதற்கு என்பது அவள் கட்சி. யாராவது எடுத்தால், "மன்னிச்சுக்கோங்க, தப்பான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டு, 'எடுத்தார்கள்' என்று குறித்துக்கொள்வாள். ஒரு பெரிய அமைப்பின் போனில் பதிவு செய்த குரல், அலுவலக நேரம் பத்து முதல் ஐந்து வரை என்றது.

"அதுக்குள்ள எல்லாரும் குடிச்சு முடிச்சுட்டு, சண்டையும் போட்டு முடிச்சிடணுமாம்" என்றாள்.

இவ்வளவு பேசுகிறவள் ஒரு விஷயத்தை மட்டும் பேச மாட்டாள். அவளுடைய தம்பி எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தான். எலக்ட்ரீஷியன். கெட்டிக்காரன். எங்கள் தெருவில் பாதி வீட்டு விளக்கு அவன் இழுத்த வயரில்தான் எரிகிறது. சாயங்காலமானால் குடித்துவிட்டு அவனே எரிய ஆரம்பித்துவிடுவான். ஊரார் வீட்டுக் குடியை நாள் முழுக்கப் படித்துவிட்டு வருகிறவளிடம் அவனைப் பற்றி நான் பேச்செடுத்தால், "பால் பொங்குது, பாருங்க" என்பாள். அடுப்பில் பாலே இருக்காது. அலுவலகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது.

ஒரு வருஷம் இரண்டே பக்கத்தில் ஒரு விண்ணப்பம் வந்தது. பாதிக் கேள்விகளுக்கு 'தெரியாது' என்று பதில். அனுப்பியவர் ஒரு தையல்காரம்மா. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் தன் தையல் அறையில் சனிக்கிழமைதோறும் குடிக்கிறவர்களின் வீட்டாரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசுகிறாராம். கட்டிடச் சொந்தக்காரர் அந்த அறையைப் பக்கத்துக் கடைக்குக் கிடங்காகக் கொடுக்கப் பார்க்கிறார். நிதி கிடைத்தால் அறை நிற்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் தையல் மெஷினைத் தூக்க வேண்டியதுதான்.

ஏழு மணிக்கு என் மனைவி போன் போட்டாள். ஸ்பீக்கரில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"யாருங்க?"

"மன்னிச்சுக்கோங்க, தப்பான நம்பர்."

"அட, வைக்காதீங்கம்மா. எனக்கு வர்றதுல பாதி தப்பான நம்பர்தான். பயந்துக்கிட்டே போடுறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. சாப்பிட்டீங்களா?"

இவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரிடம் சொல்லி வைத்த அந்தச் சமாளிப்பு, உண்மையில் பயந்துபோன வீடுகளின் முதல் வாக்கியம் என்பது இவளுக்கு அதுவரை தெரியாது.

"இல்ல" என்றாள். "தம்பி வரட்டும்னு இருக்கேன்."

"தம்பியா? சரி, அவரு எப்ப வருவாரோ. நீங்க ஒரு தட்டைப் போட்டுட்டு உக்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். எனக்கும் இந்தக் காலரு ஒட்ட மாட்டேங்குது."

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். நான் தட்டு வைத்தேன். அடுப்பில் இருந்தது தீய்ந்து வாசனை வருகிற வரை பேசினாள். அன்றைக்கு உண்மையிலேயே ஏதோ பொங்கியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போய், அந்த விண்ணப்பத்துக்குத் தன்னால் மார்க் போட முடியாது என்றாள். விண்ணப்பிக்கிற அமைப்பிடம் உதவி பெறுகிறவர் அதை மதிப்பிடக் கூடாது என்பது விதி.

"ஒரு போன் பேசினதுக்கா மேடம்?" என்று சிரித்தாராம் மேலாளர்.

"சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க சார். நான் போகப்போறேன்."

அவளுக்குக் குடிக்கிற தம்பி ஒருவன் இருப்பது அலுவலகத்துக்கு அப்படித்தான் தெரியவந்தது.

அந்த விண்ணப்பம் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியிடம் போனது. எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே அடிஸ்கேலை வைத்துப் படிப்பதால் அவருக்கு 'ஸ்கேல் சார்' என்று பெயர். இவளுடைய அரை மார்க்குகளை வருஷா வருஷம் அடித்துத் திருத்துகிறவர். அவர் கையில் 'தெரியாது' என்று எழுதிய விண்ணப்பம் கிடைத்தால் என்ன ஆகும்? குடியை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தையல்காரம்மா எழுதியிருந்தார்: 'தெரியாது. குடிக்கிறவங்க யாரும் இங்க வர்றதில்ல. அவங்க வீட்டு ஆளுங்கதான் வர்றாங்க.' ஸ்கேல் சார் அதற்குப் பூஜ்யம் போட்டார் என்று செய்தி வந்தது.

"நீ ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னா என்ன?" என்றேன்.

"தொட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். இப்பப் போய்ப் பேசினா அது கையெழுத்தா, கிறுக்கலா?"

அதற்குள் அவள் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்திருந்தாள். முதல் நாளே தையல்காரம்மாவிடம், தான் வேலை பார்க்கும் இடத்தையும் அவருடைய விண்ணப்பத்தைத் தான் தொடப்போவதில்லை என்பதையும் சொல்லிவிட்டாள். "நல்லதாப் போச்சு. மலிவான பேப்பர், தொட்டாக் கிழிஞ்சிடும்" என்றாராம் அந்தம்மா.

அன்று திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சிரித்தாள்.

"ஏங்க, அங்க ஒரு போட்டி நடக்குது. அவங்கவங்க வீட்டுல நடந்ததைச் சொல்லணும். ஒரு பொண்ணோட வீட்டுக்காரர் ஷூவைக் கழட்டி ஃபிரிட்ஜுக்குள்ள வச்சுட்டு, காலைல 'திருடன் வந்துட்டான்'னு ஊரைக் கூட்டினாராம். நான், என் தம்பி கதவுன்னு நெனச்சு பீரோவுக்குள்ள போய் நின்னுக்கிட்டு 'லிஃப்ட் ஏன் நகரல'ன்னு கேட்டதைச் சொன்னேன். எனக்குத்தான் முதல் பரிசு!"

பரிசைக் காட்டினாள். ஒரு நூல்கண்டு. பச்சை நூல். தம்பியைப் பற்றி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்து அழுதாள், பிறகு தூங்கினாள், நன்றாகவே தூங்கினாள். அந்த அறை மாதக் கடைசியில் கிடங்காகிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

குழு கூடிய அன்று, அந்த விண்ணப்பம் வந்ததும் இவள் எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நடந்ததைக் குழுவில் இருந்த டாக்டரம்மா பிற்பாடு எங்கள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார்.

ஸ்கேல் சாருக்குக் கட்டம் காலியாக இருந்தால் பிடிக்காது. எல்லா விண்ணப்பத்திலும் 'ஏழு மணி போன்' என்று இவள் போட்ட கட்டம் நிரம்பியிருக்க, இதில் மட்டும் வெறுமையாக இருந்தது. இவள் விலகிக்கொண்டதால் தன் குறிப்பையும் எடுத்துவிட்டாள். அவரால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் ஏழு மணிக்குத் தன் வீட்டிலிருந்து அவரே போன் போட்டிருக்கிறார். இவளுடைய வழக்கப்படியே, தப்பான நம்பர் என்றும் சொல்லியிருக்கிறார்.

"விடலைங்க அந்தம்மா!" என்றாராம் குழுவிடம். "'வைக்காதீங்க ஐயா, சாப்பிட்டீங்களா'ன்னு கேக்குறாங்க. நான் தனி ஆளு, எட்டு மணிக்கு மேலதான் ஏதாவது வாங்கிட்டு வருவேன். இல்லன்னு சொன்னேன். உடனே, 'வீட்டுல யாரு குடிக்கிறாங்க'ன்னாங்க. யாரும் இல்லம்மான்னேன். 'எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க.' அம்மா, நான் குடிக்கிறது காப்பி மட்டும்தான்னேன். 'சரி, உங்க வீட்டுக்காரம்மாகிட்ட போனைக் கொடுங்க'ன்னாங்க. அவ போய் ரொம்ப வருஷம் ஆச்சும்மான்னேன்."

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

"அப்புறம் என் சட்டை பட்டன் பத்திப் பேசினோம். ரெண்டு பட்டன் இல்ல. சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப நீங்களும் உதவி வாங்குறவர் ஆயிட்டீங்களே சார்! நீங்களும் வெளியில போகணுமே!" என்றார் டாக்டரம்மா.

அறை முழுக்கச் சிரிப்பு. தாழ்வாரத்தில் இருந்தவளுக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. விண்ணப்பத்தைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, டம்ளரில் பிடித்த தண்ணீரைக் குடிக்காமலே வைத்திருந்தாளாம்.

"பட்டனுக்குக் காசு கொடுத்துடுவேன், அது வியாபாரம், உதவி இல்ல" என்றார் ஸ்கேல் சார், வங்கிக்காரருக்கே உரிய கறாரோடு. பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, தான் போட்ட பூஜ்யத்தை அடித்தார். "கேள்வியே தப்பு. வீட்டாருக்குன்னு நடத்துற இடத்துல, குடிக்கிறவன் நிறுத்தினானான்னு கேட்டா அந்தம்மா என்ன எழுதுவாங்க?" அதற்கு எதிரே கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுதினார். நாலரை.

மேலாளர் எட்டிப் பார்த்து, "சார், முழு எண்தான் போடணும்" என்றார்.

"நாலு போட மனசு வரல. அஞ்சு போடக் கை வரல. நான் என்ன பண்றது?" என்றாராம்.

நிதி கிடைத்தது, அறை நின்றது. இன்றும் சைக்கிள் கடைக்கு மேலேதான் இருக்கிறது. தம்பி உடனே ஒன்றும் திருந்திவிடவில்லை. விட்டான், தொட்டான், மறுபடி விட்டான். ஆனால் அவன் வரும் வரை இவள் பட்டினி இருக்கிற வழக்கம் அந்த ஏழு மணியோடு நின்றது. அலமாரியில் நூல்கண்டுகள் சேர்ந்தன. போன விண்ணப்பக் காலம் வரை போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடைசியாக வென்றது மஞ்சள் நூல்.

இப்போது அவள் இல்லை. தம்பி இருக்கிறான். அவள் போன நாளிலிருந்து தொடவில்லை. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வேலைக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுகிறான். இரண்டு பேருமாக அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நேற்று ஏழு மணிக்கு அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் மெஷின் சத்தம் நின்றது.

"யாருங்க?"

தெரிந்ததைச் சொன்னேன்.

"தப்பான நம்பருங்க."

"வைக்காதீங்க சார். சாப்பிட்டீங்களா?"

அதற்குள் பின்னறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"இல்லன்னு சொல்லுங்க மாமா. நானும் சாப்பிடல!"

"யாரு அது, லிஃப்ட்காரரா?" என்றார் தையல்காரம்மா. "ரெண்டு தட்டாப் போடுங்க. நான் இருக்கேன்."