மாடி மட்டும் அக்காவுக்கு

என் அக்கா பிடிவாதக்காரி. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. கல்யாணமானதிலிருந்து கீழே லாண்டரி, மேலே குடித்தனம். சட்டைக் காலரில் ஒரு கறை போகவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. சட்டைக்குச் சொந்தக்காரரே "பரவால்ல, விடுங்கம்மா" என்றாலும் மறுபடி ஊறப்போடுவாள்.

அத்தானுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். பஸ் மாறிப் போகவேண்டும். ஒருநாள் திரும்பும்போது பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது. அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து, இறங்குமிடம் வரும்வரை அக்கா எழுப்பவில்லை.

பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டை அறக்கட்டளைக்கு எழுதிவைக்க வக்கீலிடம் போனாள். லாண்டரிக் கூடத்தில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ். மாடியில் அவள் சாகும்வரை இருக்கலாம், அப்புறம் அதுவும் டிரஸ்டுக்கு. சொத்து கைவிட்டுப் போகிறதே என்று எங்கள் தம்பிக்கு வயிறு எரிந்தது.

"டிரஸ்டாம் டிரஸ்டு! நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா நீதான் மொத ஆளா போய்ப் படுத்துக்குவே. ஊருக்கு ஒரு பேரு, ஒனக்கு ஒரு வசதி."

அவ்வளவுதான், அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். எழுதிக்கொடுத்தவளோ அவள் சொந்தக்காரர்களோ அங்கே சிகிச்சை பெறக்கூடாது என்று பத்திரத்தில் சேர்க்கச் சொன்னாள்.

"அப்புறம் மாத்த முடியாதும்மா. நல்லா யோசிச்சுக்குங்க" என்றார் வக்கீல்.

"மாத்தக் கூடாதுன்னுதான் எழுதச் சொல்றேன்."

சில வருடங்கள் கழித்து அக்காவின் கால் வீங்கியது. முகம் வீங்கியது. அத்தானுக்கு வந்ததேதான். டிரஸ்டுக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நாளாகும் என்றார் வக்கீல். அக்கா மனுவில் கையெழுத்துப் போட்டாள். பிழைக்க ஆசை இருக்காதா? தம்பி வந்து, "ஏதோ வாய்க்கொழுப்புல சொன்னேன்க்கா" என்று தேம்பி அழுதான். "காப்பி குடிக்கிறியா?" என்றாள் அவள். மனு இன்னும் கோர்ட்டில்தான் தூங்குகிறது.

அதே ஆஸ்பத்திரிக்கு, அதே பஸ்ஸில் இப்போது நான் அவளைக் கூட்டிப்போகிறேன். வீட்டில் கீழ்க்கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் தெருவுக்கு இறங்க வேண்டும். இஸ்திரி மேஜைகள் கிடந்த இடத்தில் கட்டில்கள். உள்ளே மெஷின்கள் ஓடுகின்றன. முதலில் எல்லாம் நர்சுகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போது பார்க்காத மாதிரி குனிந்துகொள்கிறார்கள், பாவம்.

"ஒன் வீராப்பு ஒன்ன எங்க கொண்டாந்து நிறுத்திருக்கு பாத்தியாடி?" என்று நேற்றும் கத்தினேன்.

"பஸ் வருது, ஏறு" என்றாள்.

பஸ்ஸில் அவள் கண் மூடினால் உடனே தோளைத் தொட்டு எழுப்புகிறேன். எனக்கு அழுகைகூட வருவதில்லை. மரத்துப்போய்விட்டது.

நேற்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவர் புதிதாக வந்திருந்தார். லாரி ஓட்டியவராம். எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.

"இவ்ளோ தூரம் அலைய முடியலம்மா. எங்க வீட்டுப் பக்கத்துலயே இலவசமா ஒண்ணு நடக்குது. பேரு குடுத்து வெச்சிருக்கேன், கட்டில்தான் பத்தலையாம். மாடியில யாரோ வயசான அம்மா இருக்காங்களாம். அவங்க காலத்துக்கு அப்புறம் மாடியும் சேந்துடுமாம். அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்."

எனக்குச் சுரீரென்றது. எழுந்து அவரை நாலு வார்த்தை கேட்கப் போனேன். குழாய் மாட்டாத கையால் அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"கெடைச்சா ஜன்னலோரமா கேட்டு வாங்கிக்குங்க. காத்து நல்லா வரும்" என்றாள் அவரிடம்.