ஏரியைச் சுற்ற எத்தனை பேர்?

போன திங்கட்கிழமை ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் ரெலிபோனில் என்னை அழவைத்துவிட்டாள்.

பாவம், அவள் மீது ஒரு பிழையும் இல்லை. காம்பர் வான் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்கிறவள். நான்தான் அவளைக் கூப்பிட்டு, "நாங்கள் கேட்டிருந்த வானை மாற்றிப் பெரிதாகத் தரமுடியுமா? இரண்டு பேர் இல்லை, ஆறு பேர் வருகிறோம்" என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதில் இருக்கிறதே... சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் வாரா வாரம் என்னிடம் அகப்படுகிறவர். வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டார். கறியில் உப்பில்லை என்றால்கூடத் தானே எழும்பிப்போய் எடுத்துப் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷன் ஆகஸ்ட் மாதம் ஒருநாள் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், குசினி மேசையில் கியூபெக் வரைபடத்தை விரித்தார். வடக்கே லாக் சென்-ஜான் ஏரி. கடல் மாதிரிப் பெரிசு. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார்.

"இஞ்சாரும், இலை நிறம் மாறேக்கை இந்த ஏரியை ஒருக்காச் சுத்தி வருவமே? படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளுக்கை இருக்கிற வான் ஒண்டு எடுக்கலாமாம். ஐஞ்சு நாள்."

இவருக்குக் காய்ச்சலா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பிறகு பார்த்தால் மனுஷன் விளையாடவில்லை. குளிர் தொடங்கினால் வான் நிறுத்தித் தங்குகிற முகாம்களில் தண்ணீரை நிறுத்திப் பூட்டிவிடுவார்களாம். எது எந்தத் தேதிவரை திறந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக ரெலிபோனில் கூப்பிட்டு விசாரித்து, வரைபடத்தில் வட்டம் போட்டார். பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டையும் தாண்டினால் வியர்த்துப்போகிற ஆள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்திரண்டு வருடம். திருகோணமலையிலிருந்து கியூபெக்குக்கு வந்து கார்ட்டியர்வில்லில் குடியேறிய நாளிலிருந்து எங்கள் ஹோலில் யாருடையதோ ஒரு மெத்தை கிடந்தது. இவரின் தம்பிமார், பிறகு என் தங்கச்சி, பிறகு அவளின் புருஷன்... ஒருவர் போனால் அடுத்தவர். கடைசித் தம்பி இந்தக் கோடையில்தான் லொங்குய்ய் பக்கம் வீடு வாங்கிக் குடும்பத்தோடு போனான். செப்டெம்பரில் எங்கள் ஒரே மகளும் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போய்விட்டாள். இப்போது வீட்டில் பிரிஜ் உறுமுகிற சத்தம் கேட்கிறது. அது உறுமும் என்பதே எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பயமாக இருந்தது.

கரடிக்கு இல்லை. குளிருக்கு இல்லை. இவரோடு ஐந்து நாள், ஒரு வானுக்குள், தனிய என்ன கதைப்பது? நாங்கள் இதுவரை கதைத்ததெல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான். தம்பிக்கு விசா, தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு, மகளுக்குப் பல்லுக்குக் கம்பி. அதெல்லாம் முடிந்துவிட்டதே?

இந்தப் பயத்தோடு நான் இருக்கும்போதுதான் லொங்குய்ய் தம்பியும் மனைவி சுகந்தியும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். சுகந்தி மேசையில் வரைபடத்தைக் கண்டுவிட்டு, "எங்கை அக்கா போறியள்?" என்றாள்.

"ஏரி சுத்தப் போறம். நீங்களும் வாங்கோவன்."

'வாங்கோ' என்றால் அழைப்பு. 'வாங்கோவன்' என்றால்? மூன்று தரம் சொன்னால் அதுவும் அழைப்பு. ஒரு தரம் சொன்னால் வெறும் மரியாதை. கேட்டவர் "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போடவேண்டும். இரண்டு பக்கமும் மனம் குளிரும், ஒருவரும் எங்கேயும் போகவேண்டியதில்லை. இது எங்களில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் நான் அன்றைக்கு மூன்று தரம் சொன்னேன். சுகந்தி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். "ஓம் அக்கா, பிள்ளையளோடை வாறம்" என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் வரைபடத்தை மடித்தார். "நல்லது" என்றார். வளவில் இலை கூட்டப் போய்விட்டார்.

நல்லது என்றால் நல்லதுதானே? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பிரெஞ்சுக்காரப் பெண்ணிடம் வருவோம். ஆறு பேர் என்று நான் சொன்னதும் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"மெடாம், உங்கள் கணவருக்குப் பெரிய வானை நானே காட்டினேன். வேண்டாமென்றுவிட்டார். கையில் ஒரு கடதாசித் துண்டு வைத்திருந்தார். அதைப் பார்த்து வாசித்தார். 'மா ஃபாம் எ முவா.' என் மனைவியும் நானும். பிறகு துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பார்க்காமல் இன்னொரு தரம் சொன்னார். எங்களுக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது." பிறகு கேட்டாள், "பெரியதாக மாற்றட்டுமா?"

"நோ... மெர்சி" என்று மட்டும் சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன்.

யாரிடம் எழுதி வாங்கினாரோ, எத்தனை நாள் பாடமாக்கினாரோ. இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனுஷன் தனக்கென்று கேட்ட ஒரே ஒரு சாமான் நான். அதிலும் நான் நாலு பேரை ஏற்றிவிட்டேன். ஒரு 'நல்லது'வை விளங்கிக்கொள்ளத் தெரியாத எனக்கு வாரா வாரம் ஒரு பத்தி வேறு!

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்தியைக் கூப்பிட்டேன். வான் பழுது, முகாம் பூட்டு என்று ஆயிரம் பொய் வாயில் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "சுகந்தி, குறை நினையாதை. இவர் என்னோடை தனியப் போக ஆசைப்படுறார்" என்றேன். அந்த வசனத்தைச் சொல்லும்போது, இந்த வயதில், முகம் சுட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மூச்சு.

"அப்பாடா. அக்கா, கரடி வருமெண்டு சின்னவள் ஒரு கிழமையா அழுகை. மகளும் போய், நீங்கள் தனிய இருக்கிறியள், பாவமெண்டுதான் ஓமெண்டு சொன்னனாங்கள்."

பாருங்கள். ஆறு பேரில் நாலு பேருக்கு வர விருப்பமில்லை. ஒருவருக்குக் கூட்டிப்போக விருப்பமில்லை. மிஞ்சிய ஒருத்தி பயத்தில் கூப்பிட்டிருக்கிறாள். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு வானை நிரப்பியிருக்கிறோம். எங்கள் ஆட்களின் மரியாதைக்கு அளவே இல்லை.

பின்னேரம் இவர் நிலவறையில் மடக்குக் கதிரைகளைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார். ஆறு கதிரை.

"ரெண்டு காணும்" என்றேன்.

"ஏன், அவையள் வரேல்லையோ?"

"நான் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

அவர் நாலு கதிரையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோடு சாத்தினார். முகம் எனக்குத் தெரியாதபடி, வெகு ஆறுதலாக.

"இஞ்சாருங்கோ, ஐஞ்சு நாளும் என்ன கதைக்கப்போறம்?"

உண்மையாகவே யோசித்தார். "எனக்கும் அது யோசினைதான்" என்றார். எனக்கு மட்டுமென்று இருந்த பயம் அவருக்கும் இருந்திருக்கிறது! அந்த நிமிடம் அவர்மேல் வந்த அன்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

"முதல் நாள் ஏரியைப் பாப்பம்" என்றார்.

"அடுத்த நாள்?"

"அது வட்டம்தானே. மற்றப் பக்கத்தாலை பாப்பம்."

நாங்கள் வெளிக்கிட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நான் நேற்றே பெட்டியை அடுக்கிவிட்டேன்.