மூன்றாவது ஃப்ளாப்பி

என் அத்தை வேலை பார்த்த கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு பீரோவைவிடப் பெரியது. திருவொற்றியூரில் அவளுடைய கம்பெனியை மூடியபோது அதை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அது லாரியில் ஏறும்வரை கேட்டருகே நின்று பார்த்துவிட்டு, அதன் தடித்த மேனுவலையும் ஐந்து பழைய ஃப்ளாப்பிகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அத்தை ராயபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினாள். எடுத்துப் போகச் சொன்னது மேனேஜரேதான். அவருக்கு அவை வெறும் குப்பை.

அந்த ஐந்திலும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு புரோகிராம். ஸ்டோரில் எந்தச் சாமான் தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். அத்தை நாலு வருஷம் உட்கார்ந்து தானே எழுதியது. அதைப் புதுக் கம்ப்யூட்டரில் எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு அப்போது இருந்த ஒரே ஆசை. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு இது புரியவில்லை.

"மூடுன கம்பெனி புக்க வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

"ஒரு தபா ஓடுறத பாத்துடணும்ணா. அப்பால தூக்கிப் போட்டாலும் பரவால்ல" என்றாள்.

அத்தை வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் வீட்டில் வந்து இறங்கியது. மேனுவலின் தாள்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அவை போய்விட்டால் அந்தப் பழைய இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற பயத்தில், அத்தை மொத்தத்தையும் டைப் அடித்து வைக்க ஆரம்பித்தாள். கான்வென்ட்டில் ஆறாவது படித்த நான்தான் வாசிப்பவள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. கமா, புள்ளி, அடைப்புக்குறி உட்பட எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். கீழ்வீட்டு அக்கா, நாங்கள் இங்கிலீஷில் ஜெபமாலை சொல்கிறோம் என்று நினைத்து, எங்கள் பக்தியை அம்மாவிடம் புகழ்ந்திருக்கிறாள். தெருவில் பிள்ளைகள் ஆடும் சத்தம் கேட்கும்போது எனக்கு அழுகையே வரும்.

ஃப்ளாப்பிகளுக்கு வேறொரு சிக்கல். புதுக் கம்ப்யூட்டரில் இருந்தது சின்ன ஃப்ளாப்பி போடும் வாய். பெரியதைப் படிக்கும் பழைய டிரைவ் ஒன்றைத் தேடி அத்தை சனிக்கிழமைதோறும் ரிச்சி தெருவுக்குப் போய் வந்தாள். அது கிடைக்கும்வரை ஐந்தும் பிஸ்கட் டின்னில் காத்துக் கிடந்தன.

அந்த இடைவெளியில்தான் சூரிய கிரகணம் வந்தது. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று பள்ளியில் மிரட்டியிருந்தார்கள். எக்ஸ்ரே படம் வழியாகப் பார்க்கலாம் என்று யாரோ கிளப்பிவிட, தெருவே எக்ஸ்ரேக்கு அலைந்தது. யார் வீட்டு நெஞ்சு எலும்பும் எங்களுக்கு இரவல் கிடைக்கவில்லை. ஃப்ளாப்பியைப் பிரித்தால் உள்ளேயும் கருந்தட்டு இருக்கும் என்றாள் என் சிநேகிதி. இரண்டுமே கண்ணுக்குக் கேடு என்பது எங்களுக்குத் தெரியாது.

டின்னைத் திறந்தேன். நாலில் சீட்டு ஒட்டியிருந்தது, ஒன்றில் இல்லை. சீட்டு இல்லாவிட்டால் காலி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கடற்காற்றில் பசை விட்டு அது எப்போதோ உதிர்ந்திருக்கிறது. கத்தரிக்கோலால் உறையைப் பிளந்து தட்டை எடுத்து, எனக்கும் மூன்று சிநேகிதிகளுக்கும் சண்டை வராமல் இருக்க நாலு துண்டாக வெட்டினேன். சாயங்காலம் மொட்டை மாடியில், ரயில் யார்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த சூரியனை நாங்கள் நாலு பேரும் பார்த்தோம். யாரோ ஓரமாகக் கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. அன்று தெருவில் நான்தான் ராணி.

அடுத்த மாதம் டிரைவ் கிடைத்துவிட்டது. அத்தை பக்கத்து வீட்டுக்கெல்லாம் அல்வா கொடுத்தாள். அப்பாவைக்கூடப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். முதல் ஃப்ளாப்பி உறுமிக்கொண்டே ஏறியது, இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதைப் போடு என்று திரையில் எழுத்து வந்தது. அத்தை டின்னைக் கவிழ்த்தாள். நாலாவதைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதைப் போடு என்றே அது திரும்பத் திரும்பக் கேட்டது.

"மூணு எங்கடி போச்சு? அது இல்லாங்காட்டி மத்ததும் தொறக்காதே" என்று கட்டிலுக்கடியில் குனிந்து தேட ஆரம்பித்தாள்.

நான் இறங்கி ஓடினேன். சிநேகிதிகள் வீட்டுக்கெல்லாம் போனேன். இரண்டு துண்டு கிடைத்தது. என்னுடையதையும் சேர்த்து மூன்றைக் கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்தேன். நாலாவது துண்டு குப்பையோடு கொடுங்கையூர்க் கிடங்குக்குப் போய்விட்டிருந்தது.

அப்பா கையை ஓங்கினார். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு துண்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"கிரகணம் நல்லா தெர்ஞ்சுதா?"

"சூப்பரா தெர்ஞ்சுது அத்தே" என்றேன்.

இப்போது எங்கெங்கோ இருக்கிற மனிதர்கள் அந்தக் காலத்து மேனுவல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டு வைக்கிறார்கள். பழைய இயந்திரம் மாதிரியே நடிக்கும் புரோகிராம் எழுதி, அதற்குள் பழைய மென்பொருளை ஓட விடுகிறார்கள். எங்கள் மேனுவலையும் அங்கே முழுசாகப் பார்த்தேன். அத்தையின் புரோகிராம் எங்கும் இல்லை, இருக்கவும் வழியில்லை. அவளும் இல்லை. அந்தக் கமாக்களையும் புள்ளிகளையும் இன்னொரு முறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

துண்டுகளைக் கொண்டுவந்து வைத்த மறுநாள் சாயங்காலம், செய்த தப்புக்குப் பரிகாரமாக, கூப்பிடாமலே மேனுவலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை கம்ப்யூட்டருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் கண்ணு. நீ போய் வெளாடு" என்றாள்.

இரண்டு மாடிப் படியையும் ஒரே மூச்சில் இறங்கினேன். இருட்டும்வரை ஆடினேன். எங்க அத்தைக்குக் கோவமே வராது தெரியுமா என்று அந்த வாரம் முழுக்கத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.