தகரம் தட்டும் சுலோஜனா அக்கா

சத்தமே போடாமல் ஓடுகிற எந்திரம்தான் நல்ல எந்திரம் என்றா நினைக்கிறீர்கள்? மட்டக்களப்புப் படுவான்கரையில் சுலோஜனா அக்காவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். சூரியத் தகடுகளில் விழுந்து கிடக்கும் வேப்பஞ்சருகைத் தட்டிவிட்டு, பம்பை முடுக்கிவிட்டு, வெறும் பிஸ்கட் தகரத்தோடு வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் இறங்கிவிடுவார். டங், டங், டங்.

“தண்ணி வருகுதுகா! மறுகா இல்லையெண்டு பறையாதீங்க!”

முன்பு இங்கே மண்ணெண்ணெய் எஞ்சின் இருந்தது. கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்புவது அவர் வேலை. புகையில் கண் எரியும்; தோள் கழன்றுவிடும் போலிருக்கும். ஆனாலும் அந்த இழுகயிறு இன்னும் அவர் வீட்டுக் கூரைக்கம்பில்தான் தொங்குகிறது.

“அது கத்தினா ஊரே ஒழும்பிரும். குடத்தோட ஓடி வருவாளுகள். ஒருத்திய ஒருத்தி நக்கலடிச்சு, அரைக்குடத்தச் சிரிச்சே ஊத்திருவாளுகள். இது பூனை மாதிரி. தண்ணி வந்தது ஆருக்குத் தெரியும்?”

முதல் வீட்டுக்குத் தெரியும். பம்பு நிரப்பும் தொட்டியிலிருந்து போவது ஒரே குழாய். முதல் வீடு தாராளமாகத் திறந்தால் கடைசி வீட்டில் காற்றுதான் வரும். சூரியன் முன்வீடு பின்வீடு பார்ப்பதில்லை. குழாய் புதைத்தவர்கள் பார்த்தார்கள்.

போன மாரியில் ஒரு நாள். வானம் மூடிக் கிடந்தது. தொட்டியில் அரைவாசிகூட ஏறவில்லை. கிணறுகளில் வெள்ளம் புகுந்திருந்தது. கடைசி வீட்டுத் தனுஷாவின் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். கொதிக்கவைக்க நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. முதல் வீட்டு வினாயகமூர்த்தியோ, வயல் வட்டையிலிருந்து சேறும் சகதியுமாக வந்த உழவு மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நிப்பாட்டுங்க.”

“சும்மா வாற வெயில் தண்ணிதானே, சுலோ. வெயில் எறிச்சா மறுகா நிரம்பும்.”

“எறிக்கட்டும். அப்ப உங்கட மெசினுக்குச் சந்தனம் பூசிக் குளிப்பாட்டுங்க. இப்ப தனுஷாட புள்ளைக்குத் தண்ணி வேணும்.”

வினாயகமூர்த்தி சிரித்தார், நிறுத்தவில்லை.

அக்கா அவருடைய றப்பர் குழாயை மடித்து, மடிப்பின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். மெசினிலிருந்து சேறு சொட்டியது. வினாயகமூர்த்தி என்னென்னவோ ஏசினார். அக்கா அசையவில்லை. ஒழுங்கை முடிவிலிருந்து “குடம் நிறைஞ்சிட்டக்கா!” என்று தனுஷா கூவிய பிறகுதான் இறங்கினார்.

உங்கள் ஊரிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். நாளைக் காலை, அதன் குழாய் போய் முடிகிற வீடு வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள்.