ஷட்டருக்கு வைத்த ரப்பர்

அந்தக் கடைத்தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஷட்டரைக் கூப்பிடுங்க" என்றால் அவர்தான் வருவார். கடைகளுக்கு முன்னால் சுருண்டு ஏறி இறங்கும் இரும்புக் கதவுகளைச் செய்வது, மாட்டுவது, மக்கர் பண்ணினால் சரிசெய்வது, இவைதான் அவர் தொழில். நல்ல உயரம். மற்றவர்கள் ஏணி தேடும் வேலையில் பாதியை அவர் தரையில் நின்றபடியே முடித்துவிடுவார். பேச்சு குறைவு, கோபம் தாராளம். ஆனாலும் அவர் மாட்டிய கதவைப் பற்றி ஒருவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பெருமையில் பல வருடம் ஓடிவிட்டது, செருப்புக் கடை ஷட்டர் விழுகிற வரைக்கும்.

ஷட்டர் சுருளும் உருளைக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. கதவின் பாரத்தைத் தாங்குவது அதுதான். அன்று காலை செருப்புக் கடைக்காரர் கதவைப் பாதி தூக்கியபோது அது பட்டென்று உடைந்துவிட்டது. அத்தனை இரும்பும் ஒரே மூச்சில் கீழே வந்தது. மனிதர் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார், கையை இழுக்க நேரமில்லை. மணிக்கட்டு உடைந்தது.

ஷட்டர்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். கடைக்காரர் திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அவரோ, "விடுங்க அண்ணே, ஸ்பிரிங்னா என்னைக்காவது உடையத்தானே செய்யும்" என்று ஆறுதல் சொன்னார். வழியெல்லாம் அந்த வார்த்தைதான் குடைந்தது. உடையும் என்று செருப்பு விற்கிறவருக்கே தெரிகிறது, உடைந்தால் என்ன ஆகும் என்று தான் ஏன் இத்தனை வருடம் யோசிக்கவில்லை?

பட்டறையில் அப்போது அவருடன் வேலை பார்த்தவன் அவருடைய மனைவியின் தம்பி. ஒரு வேலையில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்ததால் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். அச்சகம், மீன் பிடிப் படகு, டயர் ரீட்ரெடிங் என்று எல்லா இடத்திலும் ஒரு கை பார்த்துவிட்டு, கடைசியில் அக்கா வீட்டுக்காரரின் பட்டறையில் வந்து ஒட்டியிருந்தான். இவர் பேசாத பேச்சையும் சேர்த்து அவன் பேசுவான்.

ஷட்டர்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. உருளையின் முனையில் இரண்டு சிறு கொக்கிகள் இருக்கும். கதவு வழக்கமான வேகத்தில் இறங்கும்போது அவை மடங்கியே கிடக்கும். ஸ்பிரிங் உடைந்து உருளை தறிகெட்டுச் சுற்றினால், சுற்றும் வேகத்தில் கொக்கிகள் தானாக வெளியே விரிந்து, சுற்றியிருக்கும் பல் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். கதவு அந்தரத்தில் நின்றுவிடும். செய்து, பட்டறைச் சுவரில் மாட்டி, வேண்டுமென்றே ஸ்பிரிங்கைக் கழற்றி விட்டார்கள்.

கொக்கி மாட்டியது. அடுத்த நொடி சுவரில் முடுக்கியிருந்த போல்ட்டுகள் காரையோடும் செங்கல்லோடும் பிய்த்துக்கொண்டு வந்து விழுந்தன.

புழுதி அடங்கியதும் பம்பரம் சொன்னான்: "மாமா, கொக்கி நல்லாத்தான் பிடிச்சுது. சுவரையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு வந்துடுச்சு."

"சிரிக்காதடா. போல்ட்டைப் பெரிசாப் போடணும்."

"போல்ட்டு பெரிசானா இன்னும் பெரிய ஓட்டைதான் விழும். சட்டுனு நிக்கறதுதான் தப்பு. கொஞ்சம் வழுக்கிட்டு நிக்கணும். வளையத்துக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் வைங்க. முதல்ல மெதுவான ரப்பர், அதுக்குப் பின்னாடி கெட்டி ரப்பர். ஒண்ணு அமுங்கினப்புறம் இன்னொண்ணு வாங்கிக்கும்."

"ஷட்டருக்குச் செருப்பு மாட்டிவிடச் சொல்றியா?"

"மாட்டித்தான் பாருங்களேன்."

ரப்பர் என்றால் பம்பரத்துக்கு அத்துப்படி. எந்த டயரை எங்கே வெட்டினால் எவ்வளவு அமுங்கும் என்று டயர்ப் பட்டறையில் கற்றிருந்தான். சில வாரம் வெட்டுவதும் வைப்பதும் கழற்றுவதுமாகப் போயிற்று. ஒரு நாள் ஷட்டர் விழுந்தது, பிடித்தது, ஒரு முக்கு முக்கி நின்றது. சுவரில் ஒரு கீறல் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷட்டர்காரர் சிரித்ததைப் பம்பரம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

அவர் மனைவி, தங்கள் வீட்டின் முன்னறையில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். கிழிந்த கோட்டுப் பையைத் தைக்கக் கொடுக்க வரும் வாடிக்கைக்காரர்களில் ஒரு வக்கீலம்மா உண்டு. புதுச் சாதனங்களுக்குக் காப்புரிமை வாங்கிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. "எங்க வீட்டுக்காரர் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கார், வந்து சொல்லச் சொல்லட்டுங்களா?" என்று தைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது வக்கீலம்மாவின் அலுவலகம். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது: "இதை வெளியில யாருக்காவது காட்டினீங்களா? வித்தீங்களா?"

"இல்லைங்க. பட்டறையோட சரி."

"நல்லது. விண்ணப்பம் போடற வரைக்கும் மூச்சு விடாதீங்க. பேட்டன்ட் வேணும்னா அந்தப் பொருள் உலகத்துக்கே புதுசா இருக்கணும். நீங்களே ஊருக்குக் காட்டிட்டா, அப்புறம் அது பழசு."

"அப்ப ரகசியமாவே வச்சுக்கலாமா?"

"அதுவும் முடியாது. எப்படிச் செய்யணும்னு முழுசா எழுதிக் குடுக்கணும். படிச்சுப் பார்த்து இன்னொரு மெக்கானிக் செய்யற அளவுக்கு. அதுக்குப் பதிலா, இருபது வருஷத்துக்கு வேற யாரும் உங்களைக் கேக்காம அதைச் செய்யவோ விக்கவோ கூடாதுன்னு அரசாங்கம் சொல்லும். அதுவும் இந்த நாட்டுக்குள்ள மட்டும்தான். அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் செய்யலாம்."

ஷட்டர்காரர் தாடையைச் சொறிந்தார். "ஒளிச்சு வச்சதை எடுத்துக் காட்டினாத்தான் பூட்டே குடுப்பாங்க போல."

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று வக்கீலம்மா சிரித்தார்.

விதி வேறு மாதிரி யோசித்திருந்தது. ஷட்டர்காரர் பட்டறைக்குத் திரும்பியபோது பம்பரம் மலர்ந்த முகத்தோடு நின்றான். இயந்திரக் கண்காட்சி ஒன்று வரப்போகிறது, அதில் ஒரு ஸ்டால் பிடித்துவிட்டான், எல்லாருக்கும் ஷட்டரை விழவிட்டுக் காட்டப்போகிறான். நல்லது செய்துவிட்ட நினைப்பில்தான் சொன்னான். வக்கீலம்மா சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும்? பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். ஷட்டர்காரருக்கும் பொறுமைக்குமோ ஏழாம் பொருத்தம்.

"யாரைக் கேட்டு ஸ்டால் எடுத்தே? எல்லாத்தையும் தெருவுல கொண்டுபோய்க் கொட்டப் பார்த்தியா?"

"நம்ம சாமான்தானே மாமா..."

"நம்ம சாமானா? உனக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? கூலிக்கு வந்தவன் கூலிக்காரனா இரு."

பம்பரம் கைத் துணியை மடித்து மேசையில் வைத்தான், ஸ்டாலை வேண்டாமென்று சொல்லிவிட்டான், மறுநாளிலிருந்து வரவில்லை. பஸ் டிப்போவில் டயர்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக மனைவி மூலம் தெரிந்தது. அவளும் அதைச் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வாரம் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தாள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஷட்டர்காரர் தனியாகப் போனார். கண்டுபிடித்தவர் என்ற இடத்துக்கு நேராக வக்கீலம்மா பேனாவை வைத்துக் கேட்டார்: "நீங்க மட்டும்தானே? வேற யாராவது யோசனை குடுத்தாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசிக்கவில்லை. "நான் மட்டும்தான்" என்றார். கோபம் ஆறாத நேரம். போகப் போக அது பொய் என்பதே அவருக்கு மறந்துபோனது.

விண்ணப்பத்தில் என்னென்ன நமக்கே உரியவை என்று வரிசையாகக் கோரிக்கைகள் எழுத வேண்டும். முதல் கோரிக்கை கொக்கியும் பல் வளையமும். கடைசியில் ஒரு சின்னக் கோரிக்கையாக ரப்பரையும் வக்கீலம்மா சேர்த்திருந்தார். பிறகு வெகு நாள் காத்திருப்பு. காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் என்று ஒருவர் இருப்பார், உலகம் முழுக்க வந்த பழைய விண்ணப்பங்களைத் துழாவி, இதே மாதிரி முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை.

அவர் துழாவினார். கிடைத்தும்விட்டது.

"உட்காருங்க" என்றார் வக்கீலம்மா. மேசையில் ஒரு படம் இருந்தது. ஏதோ வெளிநாட்டில், ஷட்டர்காரர் பிறப்பதற்கும் முன்னால், ஒருவர் சரக்கு ஏற்றும் லிஃப்டுக்காக வரைந்தது. உருளை, இரண்டு கொக்கி, பல் வளையம். வேகம் கூடினால் கொக்கி விரியும்.

ஷட்டர்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இதைப் பார்த்ததே இல்லைங்க. சத்தியமா நானாத்தான் யோசிச்சேன்."

"நம்பறேன். ஆனா நீங்க பார்த்தீங்களா இல்லையாங்கறது கேள்வியே இல்லை. உலகத்துல எங்கயாவது இருந்தாப் போதும், அது புதுசு இல்லை. லிஃப்டுக்கு இருந்ததை ஷட்டருக்கு மாத்தறது பெரிய புத்தியும் இல்லைன்னு பரிசோதகர் எழுதியிருக்கார். முதல் கோரிக்கை போச்சு."

ஷட்டர்காரர் படத்தைக் கீழே வைத்தார். "அப்ப எல்லாம் போச்சா?"

"இல்லை. ரப்பர் இருக்கே! மெதுவும் கெட்டியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, வளையம் லேசா நகர்ந்து நிக்கறது. அந்த மாதிரி எங்கயும் இல்லையாம். மத்ததை விட்டுட்டு அதை மட்டும் கேட்டா, கிடைக்கும். நல்ல வேளை அதை யோசிச்சீங்க."

ஷட்டர்காரர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "அதை நான் யோசிக்கலைங்க" என்றார்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் குரல் மாறிவிட்டது. "கொக்கியும் இருந்தப்பவே ரெண்டு பேரையும் போட்டிருக்கணும். இப்ப மிச்சம் இருக்கறதே உங்க மச்சினனோடது. பேர் சேர்க்க வழி இருக்கு, சேர்த்தே ஆகணும். தெரிஞ்சே மறைச்சா இந்த பேட்டன்ட்டையே ஒரு நாள் எவனாவது கோர்ட்ல அடிச்சுடுவான்."

"அவனுக்கு நான் கூலி குடுத்தேங்க."

"கைக்குத்தான் கூலி குடுத்தீங்க. கூலி குடுத்ததால யோசிச்சவர் பேர் மாறாது."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். "ஏன் என்கிட்ட சொல்றீங்க? டிப்போ எங்க இருக்குன்னு தெரியாதா?" என்றாள்.

டிப்போவில் மதிய இடைவேளை. கழற்றிப் போட்ட டயர் அடுக்கு ஒன்றின் மேல் உட்கார்ந்து பம்பரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமனைப் பார்த்ததும் எழுந்தான், மரியாதையால் அல்ல, பழக்கத்தால். ஷட்டர்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பூசி மெழுகத் தெரியாத மனிதர்.

பம்பரம் டப்பாவை மூடினான். "ஒண்ணு கேக்கறேன். வக்கீலம்மா சொன்னதால வந்தீங்களா, நீங்களா வந்தீங்களா?"

"அவங்க சொன்னதாலதான். கொக்கி நின்னிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"பொய்யாவது சொல்லியிருக்கலாம் மாமா."

"ஒண்ணு சொன்னதுக்கே இந்தப் பாடு."

பம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "கூலிக்காரன்னு சொன்னீங்களே, அது இன்னும் இங்க நிக்குது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"தப்புடா. சொன்னது தப்பு." அவ்வளவு சொல்வதற்குள் ஷட்டர்காரருக்கு வியர்த்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை, அவருக்கும் அது புதுசு.

பெயர் சேர்க்கும் தாளில் பம்பரம் கையெழுத்துப் போட்டான். ஆனால் பட்டறைக்குத் திரும்பி வரவில்லை. "இங்க மாசம் பிறந்தா சம்பளம். திட்டறதுக்குக்கூட ஒரு விதிமுறை இருக்கு" என்றான். ஷட்டர்காரர் வற்புறுத்தவும் இல்லை.

இருவர் பெயரிலும் காப்புரிமை வந்தது. அதோடு ஒரு தொல்லையும் வந்தது. இருவருக்கும் சொந்தம் என்பதால், ஒருவர் ஒப்பாமல் மற்றவர் அதை யாருக்கும் கொடுக்க முடியாது. ஒரு கதவுக் கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தபோது ஷட்டர்காரர் சரி என்றார், பம்பரம் முடியாது என்றான். "வித்துட்டா அவங்க அலமாரியில வச்சுப் பூட்டிட்டாலும் கேக்க முடியாது. செய்யறதுக்கு அனுமதி மட்டும் குடுப்போம்." மாதக்கணக்கில் இழுபறி. துணி திருத்தும் கடையின் பெஞ்சில் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதாடினார்கள். "இது என் கடை, உங்க கோர்ட் இல்ல" என்று மனைவி ஒரு நாள் இருவரையும் வெளியே அனுப்பினாள். கடைசியில் பம்பரம் சொன்னபடிதான் நடந்தது. கம்பெனி அனுமதி வாங்கிச் செய்தது. அதில் வந்த பணத்தில் யாரும் மாளிகை கட்டவில்லை. வருடா வருடம் காப்புரிமையைப் புதுப்பிக்கக் கட்டணம் கட்டியது போக, பம்பரத்தின் மகள் படிப்புக்கும் பட்டறைக்கு ஒரு புது வெல்டிங் மெஷினுக்கும் ஆயிற்று.

இன்னொரு கம்பெனி ரப்பர் இல்லாமல் வெறும் கொக்கியும் வளையமுமாகச் செய்து மலிவாக விற்றது. ஷட்டர்காரர் கொதித்துப் போய் வக்கீலம்மாவிடம் ஓடினார். "அதுல உங்களுக்கு உரிமை இல்லை. கொக்கி ஊர்ச் சொத்து" என்று அவர் கையை விரித்தார். அந்தக் கொக்கிகள் ஸ்பிரிங் உடைந்த இடங்களில் எல்லாம் ஒழுங்காகப் பிடித்தன, சுவரைப் பெயர்த்தன. பெயர்ந்த சுவரைப் பூசி ஷட்டரைத் திரும்ப மாட்டுவதற்குக் கடைக்காரர்கள் கூப்பிட்டது ஷட்டர்காரரைத்தான். போன இடத்தில் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். வேலையை முடித்துவிட்டு, ரப்பர் வைத்தது ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் மாட்டலாம் என்பார். பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள்.